பறவை மாற்றுகிறவள்

சூச்சோவில் என் பெயரைச் சொன்னால் வீடு தெரியாது.
பறவை மாற்றுகிறவள் எங்கே என்று கேளுங்கள்,
மூன்றாம் பாலத்தடியில்
படகுக்காரனே கைநீட்டுவான்.

அதிகாரியின் மார்பில் ஒரு சாண் சதுரம்.
அடியில் அலை, அலை நடுவே பாறை,
மேல் மூலையில் செஞ்சூரியன்.
இப்போதெல்லாம் நடுவை வெறுமையாக விட்டுத்தான் தைக்கிறார்கள்.
பதவி கடைச்சரக்கான பிறகு
முழுச் சதுரத்தையும் எவர் திரும்பத் திரும்பத் தைப்பது?
பறவையைத் தனியே தைத்து வெட்டி
ஓரம் கட்டி ஏற்றினால் போதும்.
எட்டாம் படிக்குக் காடை.
ஏழுக்கு வாத்து.
ஆறுக்கு வெண்கொக்கு.
முதற்படி நாரை என் கைக்கு எட்டியதில்லை,
அதற்குத் தலைநகரில் ஆட்கள் உண்டு.

தானியக் கிடங்கு தோங் ஷிச்சாங் வீட்டிலிருந்து
பிளம் பழம் கனியும் மழையில் ஆள் வந்தது.
காடை இறங்க வேண்டும், வாத்து ஏற வேண்டும்.
இரண்டு சதுரம்,
அவருக்கொன்று, மனைவிக்கொன்று.

ஸூயூன் விளக்கைத் தானே தூக்கி வந்தாள்.
காடையை வயிற்றிலிருந்து பிரித்தேன்.
கண்ணைக் கடைசிக்கு வைப்பது என் வழக்கம்.
உரித்த இடத்தில் பட்டு வெளுக்காமல் இருந்தது,
காடை வடிவில் ஒரு புது நீலம்.

எங்கள் பேச்சில் காடையின் பெயருக்குள்
அமைதி என்ற சொல் ஒலிக்கும்.
“எட்டு வருஷம் இதைப் போட்டிருந்தேன்,
ஒரு குறையும் இல்லை” என்றாள்.
பிறகு நான் கேட்காமலே விலையைச் சொன்னாள்:
அவள் அப்பா சீதனமாய்த் தந்த மல்பெரித் தோப்பு.
இருநூறு மரம்.

ஏழாம் படிப் பறவைக்கு ஏட்டில் வேறு பெயர்.
ஊசிக்குத் தெரிந்ததோ
கல்யாணத் தலையணையில் ஜோடியாய் நீந்தும் வாத்துதான்.
ஒரு நூலைப் பதினாறாய்ப் பிரித்து
மூச்சை அடக்கித் தைத்திருந்தேன் அதன் கழுத்தை.
தலையணையில் இரண்டு.
சதுரத்தில் ஒன்றே ஒன்று.
அதனால்தான் மனைவியின் சதுரம்
கணவனுடையதன் கண்ணாடி நிழல்:
அருகருகே அமர்ந்தால்
பறவைகளாவது ஒன்றையொன்று பார்க்கும்.

“என்னுடையதைத் திருப்பி வை.”

“சூரியன் முதுகுப்பக்கம் போய்விடும், அம்மா.
சூரியன் பேரரசர்.
அவரைப் பிரிக்க என்னிடம் ஊசி இல்லை.”

“அவர் அங்கேயே இருக்கட்டும்.
என் வாத்து முதுகில் வெயில் காயட்டும்.”

வாத்தைத் திருப்ப முடியாது,
புறம் முழுக்க முடிச்சு.
எதிர்ப்பக்கம் பார்க்கும் இன்னொன்றைத் தைத்தேன்.
பதினோரு இரவு, இரட்டைக் கூலி.
வெள்ளி வளையல் ஒன்றைக் கழற்றி வைத்தாள்,
எடை பார்க்கச் சொல்லவில்லை.

புத்தாண்டு விருந்தில்
நூறு பேர் அந்த மார்பைப் பார்த்தார்கள்.
எட்டா ஏழா என்று எண்ணத் தெரிந்தவர்கள்
எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.
தோங் ஷிச்சாங் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.
அவர் வாத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.
அவள் வாத்து
வாசலை.

வசந்தத்தில் இருவரையும் வரைய ஓவியர் வந்தார்.
அங்கியின் மடிப்பெடுக்க என்னையும் அழைத்திருந்தார்கள்.
நல்ல மனிதர், கை சுத்தம்.
தையற்காரி பிழை செய்துவிட்டாள் என்று நினைத்து
யாரையும் காட்டிக்கொடுக்காமல்
படத்தில் வாத்தைக் கணவன் பக்கம் திருப்பிவிட்டார்.
பேரப்பிள்ளைகள் அதைத்தான் வணங்குவார்கள்.
ஸூயூன் படத்தைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
தேநீர் ஆறுகிறது என்றாள்.

முதலில் தைத்த வாத்து இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது.
முகம் சரியான பக்கம்தான்.
இதுவரை எவரும் விலை கேட்கவில்லை.

நேற்று உப்பு அதிகாரி வீட்டிலிருந்து ஆள் வந்தது.
அந்த அம்மாள் விருந்தில் எனக்கு நேரெதிரே நின்றவள்.
சீட்டில் இரண்டே வரி:
வெண்கொக்கு வேண்டும்.
பக்கம் உனக்குத் தெரியும்.